வெந்நீர்க் குளத்தில் இரண்டு தகப்பன்மார்

ராசா,

டோர்ட்மண்ட் மாநகரின் வடக்குத் திக்கில், மூன்றாம் மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில் சிம்மாசனம் போட்டு வீற்றிருக்கும் உன் தகப்பன், உலகத்தின் கீழ்க்கோடியில் ஒசாகாப் பட்டினத்தில் குடியிருக்கும் பட்டத்து இளவரசனுக்கு எழுதிக்கொள்வது: இங்கே எல்லோரும் சுகம். சிம்மாசனத்துக்கு மட்டும் இடது கால் ஆடுகிறது. அட்டை மடித்து வைத்திருக்கிறேன். உன் அம்மா இங்கே நடக்கப்போகிற உன் கலியாணத்துக்குப் பலகாரம் சுடத் தொடங்கிவிட்டாள். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது வீட்டில் நடக்க வழியில்லை. பயித்தம்பணியாரப் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன, முறுக்கு குளியல் தொட்டிக்குள் கிடக்கிறது. ஜேர்மன் இராணுவம் முழுவதும் ஒரு குளிர்காலத்துக்கு உட்கார்ந்து சாப்பிடலாம். அவள் கையை யார் பிடிப்பது.

நீ போன முறையும் தொலைபேசியில் அதையே கேட்டாய். "அப்பா, அண்டைக்கு அந்தச் சுடுதண்ணிக் குளத்துக்குள்ள ரெண்டு பேரும் என்னதான் கதைச்சனீங்கள்?" நான் வழக்கம் போல "அரச ரகசியம்" என்று சொல்லி, போன் கார்ட் முடிகிறது என்று வைத்துவிட்டேன். கார்ட் முடியவில்லை. உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தக் கலியாணம் ஏலாது என்று சொல்வதற்கென்றே விமானம் ஏறிப் போன மனுசன், வெந்நீருக்குள் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு வெளியே வந்து "சரி" என்று சொன்னால், எந்த மகனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மாலை மாற்ற முதல் நீ அதை அறிந்திருக்க வேண்டும். ஆறுதலாக வாசி.

ஹருகாவைக் கட்டப்போகிறேன் என்று நீ சொன்னது உலகக் கிண்ணம் நடந்த வருசம். எங்கள் தெரு யன்னல்களில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் உடனே பாராளுமன்றத்தைக் கூட்டினேன். பாராளுமன்றம் என்றால் நான், உன் அம்மா, கூப்பிடாமலே வந்து சோபாவில் சாய்ந்த உன் பெரிய மாமா. மாமா எழுந்து நின்றே பேசினார்.

"அத்தான், அவையள் மீனைப் பச்சையாத் தின்னுற ஆக்கள். பொடியன் நூலாப் போயிடுவான்."

"பச்சையாத் திண்டாலும் நேரத்துக்குத் திங்கட்டும்," என்றாள் உன் அம்மா. "இஞ்ச இருக்கேக்க காலமைச் சாப்பாடு எண்டதே இல்லை."

மாமா சமயம், பாஷை, சனத்தின் வாய் என்று காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தார். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் என் காரணம் அதற்குள் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி ஓடி இந்த டோர்ட்மண்டில் வந்துதான் மூச்சு வாங்கினோம். ஓட்டம் முடிந்தது, இனி எல்லோரும் ஒரே தெருவில் இருந்து சண்டை பிடிக்கலாம் என்று நினைத்தேன். நீயோ அஞ்சலோட்டக்காரன் மாதிரி என் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு மற்றப் பக்கமாக ஓடப் பார்த்தாய். ஒசாகாவில் வேலை மட்டும் என்றால் ஒப்பந்தம் முடிய வருவாய். ஒசாகாவில் பெண்ணும் என்றால் வரமாட்டாய். என் கணக்கு அவ்வளவுதான். ஏலாது என்று சொன்னேன். நீ கோபிக்கவில்லை. "ஏலாது எண்டுறதை இஞ்ச வந்து, அவளைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அப்பா. பாத்திட்டுச் சொன்னா நான் கேக்கிறன்," என்றாய். நீ கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

அப்படியாக உன் தகப்பன் ஏலாது என்ற ஒரு சொல்லைப் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, யப்பான் தேசத்துக்கு விசேட தூதராக எழுந்தருளினான். ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முதல் நான் நுழைந்த நாடுகளிலெல்லாம் தஞ்சம் கேட்டே நுழைந்திருக்கிறேன். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி நுழைந்த முதல் நாடு அதுதான். குடிவரவு அதிகாரி என் ஜேர்மன் கடவுச்சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். நான் பழைய பழக்கத்தில் பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன்: பிறந்த ஊர், ஓடிய காரணம், வந்த வழி, சாட்சிகள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். யாழ்ப்பாணத்தான் தோற்பதா என்று நானும் இறங்கினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரண்டு பேரும் நிலத்தைத் துளைத்துக்கொண்டு பூமியின் மற்றப் பக்கம் வெளியே வந்திருப்போம். உன் அம்மாதான் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, அந்த மனுசன் வேலை செய்யோணும், நடவுங்கோ." ஒரு நாட்டைச் சும்மா பார்க்கப் போகக் கிடைப்பது பெரிய கொடுப்பினை, மகன். உனக்கு அது சின்ன வயதிலிருந்தே கிடைத்ததால் அதன் ருசி உனக்குத் தெரியாது. இனிமேலாவது கவனித்துச் சாப்பிடு.

உன் வீட்டுக் கழிவறையைப் பற்றி எழுதாவிட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது. நான் வேலை செய்த பாண் தொழிற்சாலையில் ஒரு மாநிலத்துக்கே மாப் பிசைந்து பாண் சுடுகிற இயந்திரம் நின்றது. அதற்குக்கூட அத்தனை பொத்தான் இல்லை. உட்கார்ந்தால் சூடாகிறது. ஒன்றை அமத்தினால் பாடுகிறது. இன்னொன்றை அமத்தினால் கீழேயிருந்து எங்கள் ஊர்க் கீரிமலை ஊற்று கிளம்புகிறது. உள்ளே இருந்து உன்னைக் கூப்பிட்டது நினைவிருக்கும்.

"டேய், இது என்னை விடுகுதில்லை."

"சிவப்பை அமத்துங்கோ அப்பா."

"பயத்தில எனக்கு எல்லாமே சிவப்பாத்தான் தெரியுது."

அடுத்த நாள் அந்த அதிவேக ரயில். வாங்கிய தேநீர் ஆற முதல் கியோட்டோ வந்துவிட்டது. என் உயிர் பின்னாலே அடுத்த ரயிலில்தான் வந்து சேர்ந்தது. ரயிலின் வேகத்தைவிட அதில் தேநீர் விற்ற ஒரு பையனைத்தான் நான் அதிகம் பார்த்தேன். பெட்டியை விட்டு வெளியே போகும்போது திரும்பி நின்று எங்கள் எல்லோருக்கும் தலை குனிந்துவிட்டுப் போனான். பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேர் போனுக்குள். யாராவது பார்க்கிறார்களா என்று அவன் பார்க்கவே இல்லை. இறங்கி ஒரு வளைவு திரும்பினால், விளக்கு மின்னும் கடைகளெல்லாம் மறைந்து, ராசாக்கள் காலத்து மரக் கோயில் ஒன்று. உன் அம்மா ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்திப் புத்தருக்கு முன்னால் நட்டாள். நான் பார்த்த பார்வைக்கு அவளே பதில் சொன்னாள்: "அந்தோனியார் குறை நினைக்கமாட்டார். அவரும் ஊர் ஊராத் திரிஞ்ச ஆள்தானே."

அன்று பின்னேரம் ஹருகா எங்களைத் தேநீர்ச் சடங்குக்குக் கூட்டிப்போனாள். இதைக் கவனமாக வாசி, ஏனென்றால் நீ பக்கத்தில் இருந்தும் பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. கடதாசிக் கதவு போட்ட சின்ன அறை, புல்லுப்பாய், எல்லோரும் முழங்காலில். தேநீர் தந்த அம்மாள் கோப்பையைத் துடைத்த நேரத்துக்குள் உன் அம்மா ஒரு கலியாண வீட்டுக்கே சமைத்து, பரிமாறி, சட்டியும் கழுவியிருப்பாள். ஆனாலும் அந்த அமைதி நல்ல அமைதி. தண்ணீர் கொதிப்பது ஒரு ஆள் கதைப்பது மாதிரிக் கேட்டது. முடிந்து எல்லோரும் எழும்பும்போது உன் அம்மாவால் எழும்ப முடியவில்லை. இரண்டு காலும் விறைத்துவிட்டன. பாயில் கை ஊன்றினாள், முடியவில்லை. முகம் வெளிறிப்போனது. அத்தனை அந்நியருக்கு முன்னால் தவழவேண்டி வந்துவிடுமோ என்று அவள் பயந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் பக்கத்தில் எழும்பிய ஹருகா, கிமோனோவோடு பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், காலைத் தட்டிக் காட்டினாள், அறையே சிரித்தது. அதற்குள் நான் உன் அம்மாவைத் தூக்கி நிறுத்திவிட்டேன். நீயும் சிரித்தாய். அவள் விழுந்தாள் என்றே நீ இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். மடையா, பிறந்ததிலிருந்து முழங்காலில் இருந்து பழகிய பிள்ளைக்கு அந்த நேரத்துக்குக் கால் விறைக்குமா? நான் பார்த்தேன். பார்த்ததைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன். நான் ஏலாது சொல்ல வந்தவனல்லவா.

மறுநாள் மலையில் அந்த வெந்நீர் ஊற்று விடுதி. ஹருகாவின் தகப்பனும் தாயும் வாசலில் காத்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற டொக்டர், ஈர்க்குப் போல மெலிந்த மனிதர், நெஞ்சு நிமிர்ந்த நடை. உன் அம்மாவும் அவர் மனைவியும் ஒரு பாஷையும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் சினேகிதிகளாகி, நாங்கள் கொண்டுபோன மிளகாய்த்தூள் பொட்டலத்தை மாற்றி மாற்றி மணந்து தும்மிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முதல் குளிப்பு, ஆண்கள் ஒரு பக்கம் என்றார்கள். உன்னைக் கூப்பிட்டேன்.

"நான் வரேல்ல அப்பா. உங்களை அந்தக் கோலத்தில பாத்திட்டுப் பேந்து உங்களோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் தூதர் போர்க்களம் புகுந்தார். நான் நல்ல பூப்போட்ட பற்றிக் சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பிறந்த கோலத்தில், தலையில் கைக்குட்டை அளவு துவாயோடு நின்று, என் சாரத்தை அருங்காட்சியகப் பொருளைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார். பிறகு பிரம்புக் கூடையைக் காட்டினார். எங்கள் பரம்பரையில் கிணற்றடியில்கூட ஒருவரும் சாரம் அவிழ்த்தது கிடையாது. உன் பூட்டன் சாரத்தோடேயே பிறந்தவர் என்பது கேள்வி. என்ன செய்வது, அவிழ்த்தேன். முதலில் சின்ன முக்காலியில் குந்தி ஊத்தை போகத் தேய்த்துக் குளிக்கவேண்டும், அதன் பிறகுதான் குளத்துக்குள் இறங்கலாம். இறங்கினேன். அதில் முட்டை அவியும். யானையும் அவியும். நான் நண்டு மாதிரிச் சிவந்திருப்பேன். கறுப்பனாகப் பிறந்ததால் மானம் தப்பியது. மேலே திறந்த வானம், சிவந்த இலைகள் ஒவ்வொன்றாக வந்து தண்ணீரில் விழுந்தன.

"வெப்பம் தங்களுக்குத் தாங்கக்கூடியதாக உள்ளதா?" என்று ஒரு குரல் ஜேர்மன் பாஷையில் கேட்டது.

யார் கதைத்தது என்று சுற்றிப் பார்த்தேன். குளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். டொக்டர் படித்த காலத்தில் வைத்தியத்தை ஜேர்மன் புத்தகங்களில்தான் படிப்பித்தார்களாம். படித்ததை யாரோடும் கதைக்கக் கிடைக்கவில்லையாம். அவருடைய ஜேர்மன் நோயாளிக்குச் சொல்கிற ஜேர்மன். என்னுடையது தொழிற்சாலையில் ஃபோர்மன் கத்துகிற ஜேர்மன். இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்கினோம்.

"தங்கள் நித்திரை சீராக உள்ளதா?"

"நித்திரை ஓடுது, டொக்டர். பழுதில்லை."

"மலம்?"

"உங்கட நாட்டில அதுவும் பாட்டோட போகுது."

அவர் அதை நோய்க்குறி போல யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஏலாது என்ற சொல்லைத் தொண்டைக்குக் கொண்டுவந்தேன். அவர் முந்திக்கொண்டார். மூக்கு தண்ணீரைத் தொடும்வரை குனிந்தார்.

"என் மகள் ஒன்றுக்கும் உதவாதவள். அறிவு குறைந்தவள், பிடிவாதக்காரி, சமையல் அறியாதவள். இப்படிப்பட்ட ஒருத்தியைத் தங்கள் சிறந்த மகனின் அருகில் காண எனக்கு வெட்கமாக உள்ளது."

ராசா, கதவு அகலத் திறந்து கிடந்தது. "சரியாச் சொன்னியள், அப்ப விட்டிடுவம்" என்று சொல்லிவிட்டு நான் எழும்பியிருக்கலாம். ஆனால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களில் பெண்ணைப் பெற்றவன் இப்படிக் கதைப்பானா? பெண்ணுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாவிட்டாலும் "எங்கட பிள்ளை கைபட்டாத் தண்ணியே இனிக்கும்" என்பார்கள். பெற்ற தகப்பனே பிள்ளையை இப்படி மட்டம் தட்டினால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஃபோர்மன் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"நிப்பாட்டுங்கோ. ஆர் சொன்னது அறிவில்லையெண்டு? நேற்று அந்தத் தேத்தண்ணிக்காரி வீட்டில என்ர மனிசி எழும்ப ஏலாமக் கிடந்தவ. உங்கட மகள் என்ன செய்தவ தெரியுமோ? விழுந்தவ. விழேல்ல, விழுந்து காட்டினவ. என்ர மனிசி வெக்கப்படக் கூடாது எண்டு தான் வெக்கப்பட்டவ. ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை. அப்பிடிப்பட்ட பிள்ளையை அறிவில்லை எண்டால், டொக்டர், நீங்கள்தான் கண்ணுக்கு மருந்து விடோணும். சமைக்கத் தெரியாட்டி என்ன, என்ர மகனுக்குத் தெரியும். அவனுக்கு இதைவிட நல்ல பிள்ளை எந்தக் கண்டத்தில கிடைக்கும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அவள் அப்படிச் செய்தாளா?" என்று மெல்லக் கேட்டார்.

"செய்தவ. நான் பாத்தனான்."

தலையிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். வெந்நீருக்குள் வைத்தியர்களுக்கு அதிகம் வியர்க்கும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டு இலைகளைப் பார்த்தேன். அப்போதுதான் என் வாயால் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே விளங்கியது.

"நான் ஏலாது எண்டு சொல்லத்தான் வந்தனான்," என்றேன்.

"அறிவேன். நானும் அதற்காகவே வந்தேன். தங்கள் மகன் அவளை ஜேர்மனிக்குக் கொண்டு சென்றுவிடுவார்."

"அவனை நீங்கள் இஞ்ச வைச்சிடுவியள் எண்டுதான் நான்."

ஒரே வீட்டில் களவெடுக்க வந்து இருட்டில் முட்டிக்கொண்ட இரண்டு கள்ளர் மாதிரி ஒருவரையொருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். நான் எழும்பினேன், வேகமாக எழும்பிவிட்டேன். உலகம் சுற்றியது. கண் திறந்தபோது மரத்தளத்தில் கிடக்கிறேன், என் சாரம் தலைக்குக் கீழே, டொக்டர் என் நாடியைப் பிடித்தபடி. "மணமகனின் தகப்பனார் உயிருடன் உள்ளார்," என்றார்.

வெளியே வந்தேன். நடையில் நீ பால் போத்தலோடு நின்றாய். "என்னப்பா சொன்னனீங்கள்?" "சரியெண்டு சொன்னன்." "எந்தப் பாஷையில?" அன்றைக்குத்தான் அரச ரகசியம் பிறந்தது. இராச் சாப்பாட்டில் பசிபிக் சமுத்திரத்தில் பாதியை மேசையில் பரப்பிவிட்டு, ஹருகாவின் தாய் ஒன்றுமே இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். நீ என் காதுக்குள், "அவையள் தங்கட சாமானையும் தங்கட ஆக்களையும் குறைச்சுத்தான் சொல்லுவினம் அப்பா, அது மரியாதை," என்றாய். என் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி விழுந்தது அதனால்தான். ஒரு மரியாதை வார்த்தையை நிசமென்று நம்பி, நானே சம்பந்தம் பேசி முடித்திருக்கிறேன். டொக்டரைப் பார்த்தேன். அவர் மிகுந்த கவனத்தோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே, குடும்பம் நடத்தப் போகிறவனுக்குச் சொல்கிறேன். ஹருகா தன் சமையல் சரியில்லை என்று சொன்னால் நம்பாதே. தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அதைவிட நம்பாதே. அவள் விழுந்தால், சிரிக்க முதல் பக்கத்தில் யார் எழும்ப முடியாமல் இருக்கிறார்கள் என்று பார். சாப்பாடு நன்றாக இருந்தால் அன்றைக்கே வாய் திறந்து சொல்லு. நான் இத்தனை வருசம் உன் அம்மாவின் கையால் சாப்பிட்டு, உப்புக் குறைந்த நாட்களில் மட்டும் வாய் திறந்தவன். இப்போது திடீரென்று புகழ்ந்தால் அவள் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அவ்வளவு பிந்தாதே. எங்கே குடியிருப்பது என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். எந்த நாடு தோற்கிறதோ அந்த நாட்டுத் தகப்பன் விமானம் ஏறுவது என்று நாங்கள் ஏற்கெனவே உடன்பட்டுவிட்டோம்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம். போன கிழமை டொக்டர் தொலைபேசியில் வந்தார். குளிருக்கு என்ன உடுப்பு, தேவாலயத்தில் எங்கே நிற்பது, பதிவு அலுவலகம் குறித்துத் தந்த டெர்மின் எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டுவிட்டு, "தங்கள் மகன் நலமா?" என்றார். இதுதான் தருணம் என்று நினைத்தேன். இப்போது நானும் முறை தெரிந்தவன். என் மகன் மடையன், சோம்பேறி, உங்கள் மகளின் செருப்புக்குக் காணாது என்று சொல்ல வேண்டும். பொய்கூடச் சொல்லத் தேவையில்லை, சரக்கு எவ்வளவோ இருக்கிறது: டீசல் காருக்குப் பெற்றோல் அடித்தவன் நீ, மாமாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அடுத்த நாள் கேக்கோடு போனவன் நீ. மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

"அவன் நல்ல பிள்ளை, டொக்டர்."

வேறொன்றும் வரவில்லை. இரண்டு நாட்டு உறவையும் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, அந்தப் புத்தக ஜேர்மனில் வந்தது.

"என் மகளும் நல்ல பிள்ளை."

"அதை அவவுக்குச் சொல்லியிருக்கிறியளோ?"

"இல்லை. எங்களிடம் அந்த வழக்கம் இல்லை."

"எங்களிட்டையும் இல்லை," என்றேன்.

"தயவுசெய்து இதை எவருக்கும் சொல்லாதீர்கள்," என்றார். வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் வருகிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்குக்கூட. அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது என் குற்றமல்ல. எழுதுவது சொல்வதாகாது என்று எந்த நீதிமன்றத்திலும் நின்று வாதாடுவேன். நீயோ அவருக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஹருகா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்த பிறகு, அவளை இருத்தி, அவளுடைய பாஷையில், அவளுடைய அப்பா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. நான் சொன்னதென்றால் கூட்டிச் சொல்லலாம். அவர் சொன்னதைக் கூட்டத் தேவையில்லை. அடுத்த மாதம் தேவாலய வாசலில் அவர் அவளுக்கு முன்னால் வந்து நின்று, வழக்கம் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் நிற்கும்போது, அவர் என்ன பேசாமல் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுத்த வாக்கை வாயால் மீறாத,
உன் அப்பா